கடல் அடித்தால் பொம்மை, சாதி அடித்தால் போலீஸ்

2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கி வந்து நாகப்பட்டினம் கரையை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் முகாம்களுக்குப் பொம்மை வந்தது. பந்து வந்தது, கிரேயான் வந்தது, வெள்ளைத்தாள் கட்டுக்கட்டாக வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்கள் வந்து உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையிடம் போய் 'என்ன நடந்துச்சு சொல்லு' என்று நச்சரிக்காதே, வரைய விடு, பாட விடு, விளையாட விடு, அது தன் பயத்தை அதன் வழியாகவே சொல்லும் என்றார்கள். நல்ல காரியம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. (அந்த முகாம்களிலேயே தலித்துகளைத் தனியாக ஒதுக்கி வைத்த கதையும் பதிவாகியிருக்கிறது. சுனாமிக்கு சாதி தெரியவில்லை, முகாமுக்குத் தெரிந்திருந்தது. அது தனிக் கணக்கு.)

சேரி எரிந்தால் என்ன வருகிறது? முதலில் போலீஸ் வருகிறது. பிறகு ஆர்.டி.ஓ. வருகிறார். கொட்டகை, அரிசி, போர்வை, பாத்திரம் வருகின்றன. அப்புறம் கட்சிக்காரர்கள், அப்புறம் உண்மை அறியும் குழுக்கள், அப்புறம் நாம். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் சேர்த்து 250க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே மாலையில் சூறையாடிக் கொளுத்தினார்கள். பீரோ எரிந்ததை எழுதினோம், பைக் எரிந்ததை எழுதினோம், பள்ளிச் சான்றிதழ் கருகியதை எழுதினோம். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் இருந்த பிள்ளைகள் அன்று இரவு எந்தக் காட்டில் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அந்த மூச்சை அவர்கள் பிறகு எங்கே போய் விட்டார்கள் என்று எத்தனை பேர் எழுதினோம்?

பாதுகாப்புக்கு வருகிற போலீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் வீடு புகுந்து அடித்து நொறுக்கியதே போலீஸ்தான். அந்த ஊர்ப் பிள்ளைக்குக் காக்கிச் சட்டை என்றால் என்ன பொருள்? அடித்தவனே காவலுக்கு நிற்கிறான் என்றால் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து நிம்மதி அடையும்?

எங்கோ ஒரு தொண்டு நிறுவனம் நல்லெண்ணத்தில் நாலு பொம்மை கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். நான் கருணையைப் பற்றிப் பேசவில்லை, பட்டியலைப் பற்றிப் பேசுகிறேன். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதினார்கள், 2016இல் திருத்தினார்கள். கொலை, கூட்டுக் கொலை, வன்புணர்ச்சி, நிரந்தர ஊனம் என்று வரும்போது பணத்துக்கு மேல் கூடுதல் நிவாரணம் உண்டு. ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை படிப்புச் செலவும் பராமரிப்பும் உண்டு, அரசு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பாத்திரம், அரிசி, கோதுமை, பருப்பு. இதெல்லாம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை, ரத்தம் சிந்தி வாங்கியது. ஆனாலும் வாசித்துப் பாருங்கள். பருப்பை நினைவு வைத்து எழுதியிருக்கிறார்கள். அப்பாவை வெட்டுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை ராத்திரி தூங்குமா என்று கேட்கிற வரி அந்தக் கூடுதல் நிவாரணத்தில் இல்லை. வயிறு இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள், மண்டை இருப்பதாகவும் ஒத்துக்கொண்டு படிப்புச் செலவு கொடுத்தார்கள். மனசு இருப்பதாக மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னால் நம்மவர்களே சிரிக்கிறார்கள். "சோத்துக்கே சிங்கி அடிக்குது, இதுல வெளயாட்டு ஒரு கேடா?" என்று ஒரு மூத்த தோழர் கூட்டத்திலேயே கேட்டார். இன்னொருவர், "இதெல்லாம் மேல்நாட்டு என்.ஜி.ஓ. சரக்கு" என்றார். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாட்டுச் சிகிச்சை என்பது நகரத்தில் ஏ.சி. அறையில் மணிக் கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு நடப்பது என்றுதான் நமக்குத் தெரியும். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அதன் அடிப்படை எளிமையானது. பெரியவன் துக்கத்தைப் பேசித் தீர்க்கிறான், ஒப்பாரி வைக்கிறான், சாராயம் குடித்துக் கத்துகிறான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த மொழி இல்லை. அதற்கு விளையாட்டுதான் மொழி, பொம்மைதான் சொல். 1920களிலேயே மெலனி கிளைன், ஆனா ஃபிராய்டு போன்றவர்கள் இதைக் கண்டு, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். 1947இல் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்கப் பெண் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பிள்ளையை அது இருக்கிறபடியே ஏற்றுக்கொள். விளையாட்டை நீ நடத்தாதே, பிள்ளை முன்னே போகட்டும், நீ பின்னே போ. அது காட்டுகிற உணர்வைப் புரிந்துகொண்டு அதற்கே திருப்பிச் சொல். அவசரப்படுத்தாதே. தன்னையும் பிறரையும் காயப்படுத்தாமல் இருக்கத் தேவையான எல்லையை மட்டும் போடு.

பிள்ளை முன்னே, பெரியவன் பின்னே. நம் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த அலுவலகத்தில் இப்படி நடத்தியிருக்கிறார்கள்? 'இருக்கிறபடியே ஏற்றுக்கொள்' என்பதை ஒரு வெள்ளைக்காரி சிகிச்சை விதியாக எழுதுகிறாள், நாம் அதை நூறு வருஷமாக அரசியல் கோரிக்கையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைக்கு நடந்த கொடுமை அதன்மேல் நடத்தப்பட்டது, அதன் கையில் எதுவும் இல்லை. விளையாட்டில் அதே கொடுமையை அது தானே நடத்துகிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, யார் அடிப்பது, யார் தப்பிப்பது எல்லாம் அதன் கையில். தாங்க முடியாத ஒன்றைத் தாங்கக்கூடிய அளவில் துண்டு துண்டாக எடுத்து மெல்லுகிறது. பல பிள்ளைகள் இப்படித் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் எல்லா விளையாட்டும் மருந்தாவதில்லை. 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்திப் போய் நிலத்துக்கடியில் ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். பிள்ளைகள் தப்பி வந்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அவர்களை வருஷக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார். ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடினார்கள், சிரிப்பில்லாமல், மாற்றமில்லாமல், முடிவில்லாமல். அப்படிப்பட்ட ஆட்டம் பயத்தைத் தீர்ப்பதில்லை, கூட்டவும் செய்யும் என்று எழுதினார்.

நான் அதை வாசிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். வட மாவட்டத்தில் ஓர் ஊர். வழக்கு நடக்கிறது, பெயர் வேண்டாம். ராத்திரியில் காலனிக்குள் புகுந்து அடித்துப் போட்ட பிறகு அங்கே சில மாதம் மாலை வகுப்பு நடத்தினோம். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். இரண்டு பையன்கள் பனைமட்டையால் தகரத்தை அடிப்பார்கள். மற்றவர்கள் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடப்பார்கள். ஏழு வயசுப் பெண் ஒருத்தி ஒரு துண்டைச் சுருட்டிக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு அதன் வாயைப் பொத்துவாள். "அழாத, அழாத, கேட்டுரும்." அவ்வளவுதான் ஆட்டம். யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை, சிரிப்பதில்லை. இருட்டினால் கலைவார்கள். மறுநாள் அதே தகரம், அதே துண்டு. பெரியவர்களால் பார்க்க முடியாது. "எழவு வெளயாட்டு, நிறுத்துங்கடா" என்று விரட்டுவார்கள். விரட்டினால் கோயில் மறைவில் போய் ஆடினார்கள்.

ஒரு நாள் காரில் ஒரு கவுன்சிலிங் குழு வந்து இறங்கியது. நன்றாகப் படித்தவர்கள், அன்பாகத்தான் பேசினார்கள். வட்டமாக உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். ஒரு பையன் கூரை இல்லாத வீடு வரைந்தான். "அழகா ஒரு பூ வரை, ஒரு சூரியன் வரை, பாசிட்டிவா யோசிக்கணும்" என்றார் ஒரு அம்மா. பையன் பூ வரைந்தான். நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை, எதிரில் நிற்கிறவன் எதைக் கேட்கிறான் என்று பார்த்து அதைக் கொடுத்துவிடுவார்கள், அதைச் செய்துதான் உயிர் பிழைத்து வந்திருக்கிறோம். கடைசியில் எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிட வேண்டும், கோபம் உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு கதை சொன்னார்கள். பூக்களோடு போட்டோ எடுத்தார்கள். சாதி என்ற சொல்லை நாலு மணி நேரத்தில் ஒரு தடவையும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லத் துணியாதவர்கள், பிள்ளை அதைச் சொல்லவில்லை என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தகரச் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். பக்கத்து ஊர்க் காலனிப் பெண், கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு அதே வேப்பமரத்தடியில் வந்து உட்காருவாள். களிமண், சாக்குத்துணியில் செய்த பொம்மை, தீப்பெட்டி, நுங்கு வண்டி இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. ஆட்டத்தை நிறுத்தவில்லை, திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதைச் சொன்னாள். "கதவ ஒடைக்கிறாங்க. எல்லாருக்கும் பயமா இருக்கு. பாப்பா அழுதா சத்தம் வெளிய போயிடும்னு அக்கா வாயப் பொத்துறா." அவ்வளவுதான். எனக்கே பொறுமை போய்விட்டது, இதில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று. ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, தகரத்தை அடித்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சின்னப் பெண் துண்டின்மேல் இருந்து கையை எடுத்தாள். "இப்ப அழுடி" என்றாள். பிறகு அவளே அழுதாள். தகரம் அடித்த பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அதற்கடுத்த வாரம் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது, ஒரு பையன் களிமண்ணில் நாய் செய்து வாசலில் நிறுத்தினான். ஆட்டம் நகர ஆரம்பித்தது.

இதைச் சொல்லி இதோடு சுபம் போட்டுவிடலாம். ஆனால் நடந்தது அப்படி இல்லை. குற்றவாளிகளில் ஒருத்தன் பிணையில் வந்தான். வந்தவன் காலனித் தெருவில் பைக்கை முறுக்கிக்கொண்டு நாலு தடவை போய் வந்தான். அன்று சாயங்காலம் துண்டு மறுபடி சுருண்டது, வாய் மறுபடி பொத்தப்பட்டது.

உளவியல் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் நம்மோடு பேச வேண்டும். 'பாதுகாப்பான சூழல்' என்று உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சூழலை யார் உண்டாக்குவது? அறைக்கு வெளியே அரிவாள் உலவுகிற வரை அறைக்குள் இருக்கிற பொம்மை அரைகுறை மருந்துதான். பிணையை ரத்து செய்யக் கேட்பதும் அந்தப் பெண்ணின் சிகிச்சையில் ஒரு பகுதிதான். பிள்ளையின் பயத்தை 'நோய்' என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குப் பெயரும் இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். உண்மை அறியும் குழுக்கள் தேவை, அவை இல்லையென்றால் பாதி வன்கொடுமை வெளியே வந்திருக்காது. ஆனால் ஒரே பிள்ளையை எத்தனை குழு விசாரிப்பது? "அப்பாவ எந்த எடத்துல வெட்டுனாங்கப்பா, காட்டு." காலையில் ஒரு குழு, மத்தியானம் ஒரு பத்திரிகை, சாயங்காலம் ஒரு கட்சி. எல்லோரிடமும் மைக் இருக்கிறது. மூன்றாவது தடவை சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இருப்பதில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறது. நாம் அதைத் 'துணிச்சல்' என்று எழுதுகிறோம். பிறகு மாநாட்டில் மேடையேற்றிக் கைதட்டுகிறோம். பறையைக் கையில் கொடுத்து ஆடச் சொல்கிறோம். பறை பெரிய மருந்து, அடிக்கிற பிள்ளைக்கு விருப்பமிருந்தால். விருப்பமில்லாத பிள்ளையின் கையில் திணித்தால் அதுவும் இன்னொரு வேலைதான். பிள்ளையை ஏற்கனவே ஊர் வேலை வாங்கியிருக்கிறது, தம்பி தங்கையைத் தூக்க வீடு வேலை வாங்கியிருக்கிறது. இயக்கமும் ஏன் வேலை வாங்க வேண்டும்?

'மேல்நாட்டுச் சரக்கு' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதே மேல்நாட்டில்தான் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி 1940களில் கறுப்பினப் பிள்ளைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறம் தவிர எல்லாம் ஒன்றுதான். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னை மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. கடைசிக் கேள்விக்குச் சில பிள்ளைகள் அழுதன. 1954இல் பள்ளிகளில் நிறத்தால் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இப்படிப்பட்ட ஆய்வுகளையும் எடுத்துக்காட்டியது. பொம்மை கோர்ட்டு ஏறியது. விளையாட்டுச் சாமான் அரசியல் சாமானாக முடியும் என்று கறுப்பின மக்கள் எழுபது வருஷத்துக்கு முன்னால் காட்டிவிட்டார்கள். சேரிப் பிள்ளைகளின் நடுவில் மஞ்சள் முடி, நீலக்கண் பொம்மையைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். கட்டில், குளியலறை, சாப்பாட்டு மேசை வைத்த பொம்மை வீட்டில் எங்கள் பிள்ளை எங்கே போய்த் தன் வீட்டைத் தேடும்? ஆக்ஸ்லைன் தன் அறையில் பால் புட்டியோடு சிப்பாய்ப் பொம்மையும் துப்பாக்கியும் வைத்திருந்தார். இங்கே ஒற்றை அறைக் குடிசையும், காக்கிப் பொம்மையும், களிமண் அரிவாளும் வேண்டும். அரிவாளைப் பார்த்துப் பதறாத பெரியவரும் வேண்டும்.

இன்னொன்று. விளையாட்டு என்பது சாதி எட்டிப் பார்க்காத இடம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் மிட்டாய் வாங்கப் போன தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றான் கடைக்காரன். அதை வீடியோவும் எடுத்தார்கள். கைது நடந்தது. அந்தப் பிள்ளைகள் அன்று 'கடை வைத்து' விளையாடினால் யார் கடைக்காரன், யார் வாங்குகிறவன்? 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்துக் காகோஷியில் கிரிக்கெட் நடந்த இடத்தில் ஒரு தலித் சிறுவன் பந்தை எடுத்தான். தகராறு முற்றி அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. கட்டைவிரல்தான், வேறு விரல் இல்லை. இவர்களுக்குப் புராணம் நன்றாக நினைவிருக்கிறது.

அதே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றை ஒழிக்கச் சொன்னது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்கச் சொன்னது. கயிறு கட்டாத வயதிலேயே, ஐந்து வயதிலேயே, 'அவன்கூட வெளயாடாத' என்று சொல்லி ஆரம்பிக்கிறார்களே, அதை எந்த ஆணையால் அவிழ்ப்பது? ஊர்ப் பிள்ளைக்கும் சிகிச்சை வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வரிசையில் அது இரண்டாவது. வெட்டுப்பட்டவனுக்குக் கட்டுப் போட்ட பிறகு வெட்டியவனின் மனசைப் பார்க்கலாம்.

விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமானும் வேண்டும் என்கிறது. 2017 மனநலச் சட்டம் சாதி பார்க்காமல் சிகிச்சை கொடு என்கிறது. காகிதத்தில் குறையொன்றுமில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, வன்கொடுமை விதிகளின் நிவாரணப் பட்டியலில் பருப்புக்கும் பாத்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி. பாதிக்கப்பட்ட குடியிருப்பில் வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துப் போவது கணக்கில் சேராது. குறைந்தது வழக்கு முடிகிற வரைக்கும் வர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிணையிலும், ஒவ்வொரு சாட்சி விசாரணையிலும் பிள்ளை மறுபடி அந்த ராத்திரிக்குப் போகிறது. வருகிறவர் முடிந்தவரை நம் பிள்ளைகளில் உளவியல், சமூகப்பணி படித்தவராக இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் அரசு கொடுக்க வேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை. அவளிடம் பிள்ளைகள் சொன்னதையும் காட்டியதையும் போலீஸோ, எதிர்த்தரப்பு வக்கீலோ, நம் குழுவோ பிடுங்கக் கூடாது என்றும் அந்த வரியிலேயே எழுத வேண்டும்.

விதி வரும்வரை மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற நேரத்தில் அரை மணியைக் களிமண்ணுக்கு விடலாம். அந்தக் களிமண்ணில் பிள்ளை என்ன செய்தாலும் 'இது என்ன அசிங்கம்' என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த அரை மணிக்குள் குழுவோ, பத்திரிகையோ, எம்.எல்.ஏ.வோ யார் வந்தாலும் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.